விமானக் கட்டணங்களைக் கிரெடிட் கார்டு சலுகையால் ஈடுகட்டுவது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சிக்குப் பிரசவம் பார்க்க ஆத்தா கிளம்பியபோது, திருச்சி விமான நிலையம் வரை நானும் போயிருந்தேன். எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா, ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா. பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுத்தான் கட்டியிருந்தோம். வண்டி ஏறுகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அயித்தை ஒரு டப்பா சீப்புச் சீடை கொண்டுவந்தார்கள். கூடவே மாவுருண்டை ஒரு டப்பா. பிரசவத்துக்குப் போகிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கவுன்டர் தராசில் நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது. அங்கே கேட்ட தொகையைப் பார்த்து ஆத்தா முகம் வாடிப்போனது. கட்டிவிட்டுத் திரும்பினோம்.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. அதே எடையை முந்தின நாளே இணையத்தில் வாங்கியிருந்தால் மிகக் குறைவாக முடிந்திருக்கும். செலவுக்கு ஈடாக வங்கி தந்து என் கிரெடிட் கார்டில் கிடந்த பாயின்ட்டுகளோ அந்தக் கட்டணம் முழுவதையும் அடைக்கப் போதுமானவை. அடுத்த மாதம் காலாவதி ஆகவிருந்தவை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் பங்காளிகள் வீட்டிலும் யார் விமானம் ஏறினாலும் நான்தான் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். முதல் முறை கார்டு வாங்குகிறவர்களுக்கும், கார்டு இருந்தும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு சலுகையின் மதிப்பு, அது இல்லாவிட்டால் நீங்கள் எப்படியும் கட்டியிருக்கப்போகும் தொகை எவ்வளவோ அவ்வளவுதான். வங்கி விளம்பரத்தில் ‘பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள பலன்கள்’ என்று போட்டிருக்கும். உங்கள் பயணத்தில் அந்தக் கட்டணமே வராது என்றால் அந்தப் பலன் உங்களுக்குச் சுழியம். அதனால் கார்டைப் பார்த்துவிட்டுப் பயணத்துக்கு வராதீர்கள். பயணத்தின் கட்டணங்களை எழுதிவிட்டுக் கார்டுக்கு வாருங்கள்.

முதல் படி: உங்கள் பயணத்தின் கட்டணங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

ஐயா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், கிளம்பும்போதே வழிச்செலவுக்குத் தனிப் பக்கம் போட்டுப் பற்று எழுதிவைப்பார்களாம். நாமும் அதையே செய்யலாம். டிக்கெட் விலையை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அதைச் சுற்றி வருகிற சில்லறைகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

பெரியது பெட்டிக் கட்டணம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன் பெட்டி, 7 கிலோ கைப்பை. வெளிநாட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், கோலாலம்பூர் போகும் ஏர் ஏசியா போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களில், இருப்பதிலேயே குறைந்த டிக்கெட்டில் செக்-இன் பெட்டியே சேராது. கைப்பை மட்டும்தான்: ஸ்கூட்டில் 10 கிலோ, ஏர் ஏசியாவில் 7 கிலோ. பலகாரம் இல்லாமல் நம் வீட்டிலிருந்து யாரும் கிளம்புவதில்லை. ஆகவே நமக்கு அந்த டிக்கெட் பார்க்கத்தான் மலிவு. பெட்டியின் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். எடையை முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் வாங்கினால் அதைவிடப் பெரிய விலை.

அமெரிக்கா, ஐரோப்பா போகிறவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து ஒரு டிக்கெட்டும், திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னை வரை தனியாக ஒரு டிக்கெட்டும் எடுப்பார்கள். சென்னையில் ஏறும் விமானம் 23 கிலோப் பெட்டி ஒன்றோ இரண்டோ தரும். அதற்கு முன்னால் ஏறும் உள்நாட்டு விமானமோ 15 கிலோவோடு நிறுத்திவிடும். மிச்ச எடைக்கெல்லாம் காசு. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுத்தால் வெளிநாட்டுப் பயணத்தின் எடை அளவே பொதுவாக முழு வழிக்கும் செல்லும். அப்படிக் கிடைக்காவிட்டால் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிச் சென்னை போய்விடுவது நல்லது. எந்தக் கார்டும் அந்த அளவுக்குப் பணம் மிச்சப்படுத்தாது என்பது என் கணிப்பு.

அடுத்தது இருக்கைக் கட்டணம். வயதானவர்கள் இருவர் சேர்ந்து உட்கார வேண்டும், கழிப்பறைக்குப் பக்கமாக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் இளைஞர் எங்கே உட்கார்ந்தால் என்ன, அதை விட்டுவிடலாம். பிறகு கன்வீனியன்ஸ் ஃபீ. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வது. பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். ரத்து செய்தாலும் திரும்பாது. நான்கு பேர் போக வர என்றால் எட்டு முறை.

வெளிநாட்டு நாணயத்தில் கார்டால் கட்டும்போது வங்கி மேலே போடும் கட்டணம் நாணய மார்க்அப். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. இந்தியக் கார்டுகள் பலவற்றில் இது 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 சதவீதம். சிங்கப்பூரில் 40,000 ரூபாய்க்குச் செலவு செய்தால் 1,652 ரூபாய் இதற்கே போகும். விமான நிறுவனத்தின் தளத்தில் விலை ரூபாயில் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். பணம் வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், ரூபாயில் கட்டினாலும் பல வங்கிகள் அதற்கென ஒரு கட்டணம் போடுகின்றன.

பட்டியலில் சேர்க்கவே வேண்டாத ஒன்றும் உண்டு. விமான நிலையக் கவுன்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தரக் கூடுதல் காசு வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் நம் நாட்டு நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: புதுக் கார்டு தேடும் முன் கையில் இருப்பதைத் துருவுங்கள்

பல வீடுகளில் கார்டு ஏற்கெனவே இருக்கிறது. மகன் வேலைக்குச் சேர்ந்தபோது வங்கி கொடுத்தது, அப்பச்சிக்கு வைப்புநிதி போட்டபோது கொடுத்தது என்று பீரோவில் ஏதோ ஒன்று கிடக்கும். வங்கிச் செயலியைத் திறந்து ஐந்து கேள்விக்கு விடை தேடுங்கள். எத்தனை பாயின்ட் இருக்கிறது? எப்போது காலாவதி? ஒரு பாயின்ட்டை விமான டிக்கெட்டுக்கோ வவுச்சருக்கோ மாற்றினால் எத்தனை பைசா? நாணய மார்க்அப் எத்தனை சதவீதம்? விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காத்திருக்கும் அறையான லவுஞ்ச் உண்டா, உண்டென்றால் என்ன நிபந்தனை?

மூன்றாவது கேள்வியில் நிதானமாக இருங்கள். ஒரே பாயின்ட்டுக்கு வங்கி பல விலை வைத்திருக்கும். மிக்ஸி, சூட்கேஸ் என்று பொருளாக வாங்கினால் ஒரு மதிப்பு, பில்லில் கழித்தால் ஒரு மதிப்பு, விமான டிக்கெட்டாக்கினால் இன்னொன்று. பொருளாக வாங்குவது பெரும்பாலும் நட்டம். சில கார்டுகளில் பாயின்ட்டை மைல்களாக, அதாவது விமான நிறுவனம் தன் உறுப்பினர்களுக்குத் தரும் பாயின்ட்டுகளாக, மாற்ற முடியும். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் குழுமத்தின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் அங்கேயும் பயன்படும். ஒவ்வொரு முறை பாயின்ட்டை எடுக்கும்போதும் ஒரு சிறு கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிற வங்கிகள் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் சேர்த்து ஒரே தடவையாக எடுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கட்டணத்துக்கு எந்தச் சலுகை

இப்போது பட்டியலையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பெட்டிக்கும் இருக்கைக்கும் மூன்று வழி இருக்கிறது. விமான நிறுவனமும் வங்கியும் சேர்ந்து வெளியிடும் கார்டுகளில், வகையைப் பொறுத்து, கூடுதல் எடை, இலவச இருக்கை, சாப்பாடு என்று ஏதாவது நேரடியாகத் தருவார்கள். இரண்டாவது, ஆண்டில் இவ்வளவு செலவு செய்தால் இந்த வவுச்சர் என்கிற மைல்ஸ்டோன் சலுகை. மூன்றாவது, பாயின்ட். என் அனுபவத்தில் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இரண்டாவது நன்றாக ஒத்துவரும். நம் செலவு மாதாமாதம் சீராக இருப்பதில்லை. கல்யாணம் வந்தால் எவர்சில்வர், பித்தளை, வெள்ளிச் சாமான் என்று இரண்டு மாதத்தில் லட்சக்கணக்கில் அடுக்குகிறோம். எப்படியும் வாங்கப்போகும் அந்தச் சாமானைக் கார்டில் வாங்கினால் ஆண்டு இலக்கு ஒரே கல்யாணத்தில் முடிந்துவிடும். ஆனால் கடைக்காரர் கார்டுக்கு 2 சதவீதம் கூடக் கேட்டால் கார்டை உள்ளே வைத்துவிடுங்கள். அந்த 2 சதவீதம் உங்கள் பாயின்ட்டையெல்லாம் தின்றுவிடும். பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது, இலக்குக் கணக்கிலும் சேராது.

கன்வீனியன்ஸ் ஃபீக்கு நேரடிச் சலுகை அரிது. பயணத் தளங்களில் வங்கித் தள்ளுபடி வரும் நாளில் எடுத்தால் அதை ஈடுகட்டலாம். இங்கே ஒரே ஒரு பழக்கம் போதும். தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காமல், பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள். ஓர் உதாரணக் கணக்கு: தளத்தில் 1,500 ரூபாய் தள்ளுபடி, ஆனால் நான்கு பேருக்குமாகச் சேர்த்து ஃபீ 1,600. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தள்ளுபடி இல்லை, ஃபீ 1,200. முதலாவதில் கையை விட்டுப் போவது 100, இரண்டாவதில் 1,200. அதனால் முதலாவது சரி. தள்ளுபடி 300 ஆக இருந்தால் கணக்கு தலைகீழ். சில தள்ளுபடிகள் ஈ.எம்.ஐ.யில் கட்டினால்தான் கிடைக்கும். அதில் செயலாக்கக் கட்டணமும், வட்டியின்மேல் ஜி.எஸ்.டி.யும் பின்னால் வரும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நாணய மார்க்அப்புக்கு, மார்க்அப்பே இல்லாத கார்டு அல்லது 2 சதவீதக் கார்டு. 2 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 2.36. முன்சொன்ன 40,000 ரூபாய்க்கு 944 ரூபாய்தான் ஆகும். 708 ரூபாய் மிச்சம். மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிச் செலவு செய்கிறவர்களுக்கு இது பெரிது. நான்கு நாள் கோவில் பயணமாகப் பினாங்கு போய்த் தண்ணீர்மலையானைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதற்காகத் தனிக் கார்டு தேவையில்லை. வெளிநாட்டுக் கடையில் கார்டு இயந்திரம் ‘உங்கள் ஊர் ரூபாயிலா, இங்குள்ள நாணயத்திலா?’ என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் பக்கம் தீர்மானிக்கும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

லவுஞ்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதற்காகவே கார்டு வாங்குகிறார்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் நெரிசல் இருக்குமோ என்று பயந்து எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்தால் காத்திருப்பு நீளம். அங்கே சாப்பாடும் காப்பியும் லவுஞ்சில் கிடைத்தால் வெளியே வாங்கும் செலவு மிச்சம்தான். ஆனால் இப்போது பல வங்கிகள், முந்தின காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று வைத்துவிட்டன. இது தெரியாமல் அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் கார்டு மறுக்கப்பட்டு நின்றேன். எழுபது வயதுக்காரரை அப்படி நிற்கவைத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். அதனால் கிளம்பும் முன் நான்கு விஷயம் உறுதி செய்துகொள்ளுங்கள்: போன காலாண்டுச் செலவு போதுமா, நீங்கள் ஏறும் விமான நிலையமும் அந்த முனையமும் பட்டியலில் இருக்கிறதா, உள்நாட்டுப் பகுதிக்கு மட்டுமா, பன்னாட்டுப் பகுதிக்கும் உண்டா, கூட வருகிறவருக்கு உண்டா. பெரும்பாலும் அனுமதி கார்டுக்காரர் ஒருவருக்கு மட்டும். வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற பழக்கம் உள்ளவர்கள் லவுஞ்சுக்கு என்று ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடாதீர்கள்.

பயணக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்டி தாமதம், பெட்டி தொலைவது, விமானம் தாமதம் ஆகியவற்றுக்குச் சில கார்டுகள் காப்பீடு தருகின்றன. டிக்கெட்டை அதே கார்டில் எடுத்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே நிறுவனத்தின் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்கிற புகார்ச் சீட்டை வாங்கிவிடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் காப்பீடு கேட்டுப் பயனில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கையில் உள்ள கெடு அது. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

நான்காம் படி: கார்டு இல்லாதவர்கள் எப்படி வாங்குவது

சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், விவசாயம் பார்க்கிறவர்கள் எங்களிடம் யார் கார்டு தருவார்கள் என்று கேட்கிறார்கள். வைப்புநிதியை ஈடாக வைத்துக் கார்டு வாங்கலாம். வைப்புத்தொகையில் பெரும்பகுதி அளவுக்குச் செலவு வரம்பு தருவார்கள், வைப்புக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். நாணய மார்க்அப் இல்லாத கார்டுகளிலும் இந்த வகை இருக்கிறது. மகன் கார்டில் பெற்றோருக்கு ஆட்-ஆன் கார்டு, அதாவது அதே கணக்கில் தரும் துணைக் கார்டு, வாங்குவது இன்னொரு வழி. அப்போது காப்பீடும் லவுஞ்சும் ஆட்-ஆன் வைத்திருப்பவருக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாததையோ, எளிதில் தள்ளுபடி ஆகக்கூடியதையோ தேர்ந்தெடுங்கள். ஆண்டுக் கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்: 1,000 என்றால் 1,180. கேட்காமலே கார்டு அனுப்புவதை ரிசர்வ் வங்கியின் நெறிமுறை தடை செய்கிறது. அழைத்துப் பேசுகிறவர் ‘வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்றால், அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட் எடுக்கும் வரிசை

பெட்டியை முதலில் கட்டுங்கள். டிக்கெட்டுக்கு முன்னால் பெட்டியா என்று கேட்பீர்கள். என்ன எடுத்துப்போகிறோம் என்று ஒரு தோராயம் வந்தால்தான் எத்தனை கிலோ வாங்குவது என்று தெரியும். தேன்குழல் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஊறுகாய், நெய், மிளகாய்ப்பொடி, கவுனி அரிசி எல்லாம் கனம். கொக்கித் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேர டப்பாக்களுக்கு என்று மூன்று கிலோ ஒதுக்கியே எடையை வாங்குங்கள்.

அப்புறம், பெட்டி சேர்ந்த டிக்கெட்டின் விலையையும், பெட்டி இல்லாத டிக்கெட்டோடு தனியாக வாங்கும் எடையின் விலையையும் ஒப்பிடுங்கள். விமான நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருந்தால், பயணம் செய்கிறவரின் எண்ணைப் போடுங்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது இந்த இடத்தில் குழப்பம் வரும். கார்டுப் பாயின்ட் பணம் கட்டியவருக்குச் சேரும். மைல் பொதுவாகப் பறந்தவருக்குச் சேரும். ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும் ஆளுக்கொரு உறுப்பினர் கணக்கைத் தொடங்கி வைத்துவிடுங்கள், அது இலவசம்.

பணம் கட்டிய ரசீது, கட்டணம் பிரித்துக் காட்டும் பக்கம், சலுகை நிபந்தனைப் பக்கம் மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். பயணம் ரத்தானால், திரும்பத் தராத வகை டிக்கெட்டாக இருந்தாலும், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் உள்ளிட்ட வரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. எவ்வளவு திரும்ப வரவேண்டும் என்று கணக்குப் போட அந்தப் படம் வேண்டும்.

ஆறாம் படி: பில்லை முழுதாகக் கட்டுவது

மற்ற எந்தப் படியில் தவறினாலும் சில நூறு ரூபாய் போகும். இதில் தவறினால் எல்லாமே போகும்.

வட்டித் தொழில் தெரிந்த ஊர் நம்முடையது. அதனால் கணக்கையே வைக்கிறேன். நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட், பாயின்ட்டுக்கு 25 பைசா தரும் கார்டில் ஒரு லட்சம் செலவு செய்தால் 1,000 பாயின்ட், அதாவது 250 ரூபாய். அதே ஒரு லட்சத்தைக் கெடுவுக்குள் கட்டாமல் விட்டால் மாதம் 3.5 சதவீத வட்டியில் 3,500 ரூபாய், ஜி.எஸ்.டி. 630, ஆக 4,130. அதுவும் கெடு தேதியிலிருந்து இல்லை, நீங்கள் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஸ்டேட்மென்ட்டில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும், வட்டி தப்பாது. முழுத்தொகையும் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கிக் கணக்கோடு இணைத்துவிடுங்கள். சாமான் வாங்கிச் சேர்த்த கல்யாண மாதத்தில் வருமானம் கைக்கு வர நாளாகும் என்று தெரிந்தால், அந்த மாதம் கார்டை எடுக்காதீர்கள். மைல்ஸ்டோன் போனாலும் போகட்டும்.

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு

டாலஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிக்காக இதைத் தனியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே நிலைமை வேறு. உள்நாட்டு விமானங்களில் முதல் பெட்டிக்கே கட்டணம். பெட்டிக்குக் காசு வாங்காமல் இருந்த சவுத்வெஸ்ட்கூட 2025 மே 28 முதல் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அங்கே கார்டின் முக்கியப் பலனே இலவசப் பெட்டிதான். உங்கள் ஊரில் எந்த நிறுவனம் அதிகம் பறக்கிறது என்று பார்த்து அதன் கார்டை எடுங்கள்: டாலஸ் என்றால் அமெரிக்கன், அட்லாண்டா என்றால் டெல்டா, நியூவர்க், ஹியூஸ்டன் என்றால் யுனைடெட்.

நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று மாறும். யுனைடெட் எக்ஸ்ப்ளோரர் கார்டில், அந்தக் கார்டில் டிக்கெட் எடுத்திருந்தால் கார்டுக்காரருக்கும் கூட வரும் ஒருவருக்கும் முதல் பெட்டி இலவசம். டெல்டா கோல்டு கார்டில் கார்டுக்காரருக்கும், ஒரே முன்பதிவில் கூட வரும் எட்டுப் பேர் வரைக்கும் உண்டு. இரண்டிலும் கார்டுக்காரரும் அந்த முன்பதிவில் இருக்க வேண்டும். பெற்றோரை மட்டும் தனியாக அனுப்பினால் கிடைக்காது. ஊரிலிருந்து வந்த ஆத்தா, அப்பச்சியை அங்கே நான்கு ஊர் சுற்றிக் காட்டப்போகிறீர்கள் என்றால் டெல்டா மாதிரியான ஏற்பாடு கை கொடுக்கும். இந்தியாவிலிருந்து ஒரே டிக்கெட்டில் உள்ளூர் வரை வந்தால் பன்னாட்டு எடை அளவே செல்லும் என்பதால் அந்தப் பயணத்துக்கு இந்தச் சலுகை தேவைப்படாது.

விலை உயர்ந்த கார்டுகளில் விமானச் சில்லறைக் கட்டணத்தைத் திருப்பித் தரும் வரவு உண்டு. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்டில் ஆண்டுக்கு 200 டாலர். ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு, மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகாது. ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தை முன்கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டி, இருக்கை போன்றவற்றுக்குச் செல்லும், டிக்கெட்டுக்குச் செல்லாது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள ஏர் இந்தியாவில் ஊருக்கு வரும் பயணத்துக்கு இது உதவாது. அதன் ஆண்டுக் கட்டணம் 2025-இல் 895 டாலராக உயர்ந்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்றே தம்பியிடம் சொன்னேன். ஈடு வைத்து வாங்கும் சாதாரணக் கார்டில் தொடங்கி, ஒழுங்காகக் கட்டி நல்ல பெயரைச் சேர்த்துக்கொண்டு பிறகு போகலாம். ஊருக்கு வரும்போது மட்டும் அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டைக் கொண்டு வாருங்கள். அங்கத்திய சாதாரணக் கார்டுகள் பலவற்றில் 3 சதவீதம் பிடிக்கும், பயணக் கார்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

பயணம் முடிந்த பிறகு

சலுகை தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். திரும்பி வந்த ஸ்டேட்மென்ட்டில் கழிவு, பாயின்ட், வவுச்சர் மூன்றும் வந்திருக்கிறதா என்று பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் எடுத்து வைத்த படங்களோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். கட்டணம் கிடையாது.

ஆண்டுக் கட்டணம் வரும் மாதத்துக்கு முந்தின மாதம் அந்தக் கார்டுக்கு ஓர் ஐந்தொகை போடுங்கள். ஒரு பக்கம் ஆண்டுக் கட்டணமும் அதன் வரியும். மறுபக்கம், அந்த ஆண்டில் நீங்கள் உண்மையிலேயே கட்டாமல் தப்பித்த பெட்டி, இருக்கை, மார்க்அப் தொகை. மறுபக்கம் குறைவாக இருந்தால் முதலில் வங்கியை அழைத்துக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பல நேரம் செய்கிறார்கள். செய்யாவிட்டால், இருக்கும் பாயின்ட்டை எல்லாம் எடுத்துவிட்டு, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மூடிவிட்டதாக வரும் கடிதத்தைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.